மஞ்சள் மழைக்கோட்டும் ஒரு கறுப்புக் குடையும்

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்து கொடுப்பவர். கடலுக்குள் இறங்கும்போது மட்டும் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பவர் மைனஸ் ஏழரை. அது இல்லாவிட்டால் கதவு எது, அலமாரி எது என்று தெரியாது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, ஆணியில் தொங்கிய என் கோட்டிடம் "துண்டு எங்கே வச்சே?" என்று கேட்டார். நான் சமையலறையிலிருந்து பதில் சொன்னேன். கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட மனுஷன்தான் ஐம்பத்தாறு வயதில் தினமும் விடிந்ததும் ஒரு பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலைமேல் சறுக்கப் போகிறார். சர்ஃபிங். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் எங்கள் மகள். அவளுக்கு ஒன்பது வயதில் யாரோ தோழி பலகையில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, தானும் நிற்க வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். காவலுக்கு என்று இவர் கூடப் போனார். காவலுக்குப் போனவர் ஒரு வாரத்தில் அவள் பலகையை இரவல் கேட்டார், ஒரு மாதத்தில் தனக்கென்று ஒன்று வாங்கிவிட்டார். இப்போது மகளுக்கு இருபத்துநான்கு வயது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அப்பாவும் பெண்ணும் தண்ணீரில் கிடப்பார்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். போட்டார். உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்து ஒரு கண்ணில் புண் வந்து, இனிமேல் அந்தப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீச்சல் கண்ணாடியில் பவர் வைத்துத் தானே செய்துகொண்டார். முதல் கண்ணாடியைக் கடல் வாங்கிக்கொண்டது, இரண்டாவதையும் வாங்கிக்கொண்டது, மூன்றாவது இவர் மூக்கை உடைத்தது. அதோடு விட்டுவிட்டார்.

"அலை வர்றது எனக்குக் கண்ணுல தெரிய வேண்டாம். பலகையில உக்காந்தா தொடைக்குத் தெரியும்" என்பார். பெருமை அடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நல்ல கண் உள்ளவர்கள் பார்த்துக்கொண்டே தவறவிடும் அலையை இவர் எடுத்துவிடுவார்.

ஒரே ஒரு சிக்கல், கரை எங்கே என்பது தெரியாது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனாலும் தெரியாது. அதற்குத்தான் எனக்கு ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவர் தானாக யோசித்து எனக்கு வாங்கிய ஒரே துணி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள குட்டைச் சுவரில் அதைப் போட்டுக்கொண்டு நான் உட்கார வேண்டும். வெயில் கொளுத்தினாலும் மழைக்கோட்டு. அந்த மஞ்சளுக்கு நேராக இவர் இருப்பார். மஞ்சள் ஒரு பக்கம் நகர்ந்தால் தான் நகர்ந்துவிட்டதாக அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

படிக்கட்டின் தலைப்பில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அது யாருடைய உத்தரவிலும் வந்ததில்லை, கடலில் இறங்குகிறவர்களே மாட்டியது. காலையில் முதலில் கரையேறுகிறவர் சாக்கட்டியை எடுத்து எழுத வேண்டும்: அலை எப்படி, காற்று எந்தப் பக்கம், மணல்திட்டு எங்கே. கடைசி வரி "கண்டது". சுறாவைப் பார்த்தால் அங்கே எழுதி, கண்ணால் கண்டவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் மூன்று நாளைக்கு அந்த இடத்தில் ஒருவரும் இறங்க மாட்டார்கள். சந்தேகம், மாதிரி, போல எல்லாம் அங்கே செல்லாது. அதேபோல, தண்ணீரில் இருக்கும்போது யாராவது பலகைமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டால் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும். கேள்வி கேட்பதெல்லாம் மணலுக்கு வந்த பிறகுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வருடாந்தரப் போட்டி நடந்த நாளில், இவர் கையைத் தூக்கினார். அறுபது பேர் அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். கரையில் காவலுக்கு இருக்கும் லைஃப்கார்டு படகை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, எல்லார் முன்னாலும், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கறுப்புக் குடையை இவர் கையில் கொடுத்தார்.

"அண்ணே, உங்க சுறா."

எங்கள் மானம் அன்றைக்குக் கப்பலேறியது. சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. கடலில் இவர் பெயரே 'குடை' ஆகிவிட்டது. நல்ல குடை அது, ஒரே ஒரு கம்பிதான் உடைந்திருந்தது. இவர் அதைச் சரிசெய்து எங்கள் கண்ணாடிக்கடை மூலையில் மாட்டினார். மழை நாளில் அதை விரித்துக்கொண்டு தெருவில் போனால், ரொட்டிக்கடைக்காரர் உள்ளிருந்தே, "சுறாவை வெளியே கூட்டிட்டுக் கிளம்பியாச்சா?" என்று குரல் கொடுப்பார். இவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "இனிமே என் கை தலைக்கு மேல போகாது."

இவர் மட்டும் இறங்கினால் பரவாயில்லை. பக்கத்தில் என் மகளும் இருக்கிறாள்.

கடல் முன்பு போல இல்லை என்று இறங்குகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். தண்ணீர் நேரங்கெட்ட நேரத்தில் சூடாகிறது. மீன் கூட்டம் கரையை ஒட்டி வருகிறது, அதைத் தேடிப் பெரியதும் வருகிறது. போன வருடம் முழுவதும் "கண்டது" வரியில் இரண்டு கையெழுத்து. இந்த வருடம் பாதிகூட முடியவில்லை, ஐந்து ஆகிவிட்டது.

இதற்கு நடுவே ஒரு புயல் வந்து, பாறைகளுக்கு முன்னால் இருந்த மணல்திட்டை வழித்துக்கொண்டு போய் ஆற்று முகத்துவாரத்தில் கொட்டியது. திட்டு இல்லாததால் வழக்கமான இடத்தில் அலை செத்துவிட்டது. முகத்துவாரத்திலோ, கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் போல நீளமான, ஒழுங்கான அலை. பத்து வருடத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை என்றாள் மகள். ஆனால் ஆற்றுத் தண்ணீர் கலந்து அங்கே டீ நிறத்தில் இருக்கும், கீழே என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆற்றிலிருந்து வெளிவரும் மீனுக்காக வேறு யார் யார் காத்திருக்கிறார்களோ.

"அங்கே வேண்டாம்டி" என்றேன்.

"அம்மா, நீங்க சுவர்ல உக்காந்துக்கிட்டு டீ குடிக்கிறீங்க. உங்களுக்கு என்ன பயம்?"

"எனக்கு அதுதான் பயம்."

கேட்டால்தானே. நானும் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் உள்ள சுவருக்குக் குடிபெயர்ந்தேன்.

அங்கே போன நான்காவது நாள் காலை. காற்றில்லை, கடல் எண்ணெய் தடவியது போல இருந்தது. தண்ணீரில் பதினொரு பேர். தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், பல் டாக்டர், இவர், மகள், இன்னும் சிலர். மகள் எல்லாருக்கும் அப்பால், கடைசியில் இருந்தாள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் பிளாஸ்க் மூடி இறுகிக்கொண்டது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தேன். திடீரென்று அது திறந்து பாதி டீ என் செருப்பில் கொட்டியது. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது கூச்சல் கேட்டது.

நிமிர்ந்தால், இவர் பலகைமேல் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் போட்டிருக்கிறார். ஆடவில்லை, அசையவில்லை. எல்லாரும் கரையை நோக்கி வருகிறார்கள். இவர் மட்டும் வரவில்லை. மகள் தன்னைத் தாண்டிப் போகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

மணலில் எல்லாரும் கூடினார்கள். நான் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னண்ணே பார்த்தீங்க?" என்றார் தபால்காரர்.

"பாப்பாவுக்குப் பின்னாடி. கறுப்பா ஏதோ. தண்ணியைக் கிழிச்சிக்கிட்டுப் போச்சு."

"எவ்வளவு பெருசு?"

"தெரியலே. கறுப்பா இருந்துச்சு."

பிறகு ரொட்டிக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கைப்பிடி இருந்துச்சாண்ணே?"

அவ்வளவுதான், கொல்லென்று சிரிப்பு. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்கும் தெரியும். பயந்து ஓடிவந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டும். ஆனால் மகள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே அப்பா. எதுக்கு எல்லாரையும் இப்படி ஓட வைக்கிறீங்க?" என்று கத்தினாள்.

இவர் மணலைப் பார்த்தார். மைனஸ் ஏழரைக்கு மணல் எப்படித் தெரியுமோ, அதைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவள் நான், அந்த முகத்தை ஒரு கணம்கூட என்னால் தாங்க முடியவில்லை. யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நானும் பார்த்தேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. என் கண் நல்ல கண். கடைக்கு வருகிறவர்கள் எதிர்த்தெருவில் வரும்போதே அவர்கள் கண்ணாடியில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவள் நான். அது எல்லாருக்கும் தெரியும். தபால்காரர் படிக்கட்டேறிக் கரும்பலகையிலிருந்து சாக்கட்டியை எடுத்து நீட்டினார். நான் "கண்டது" வரியில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த இரண்டு நாள் இவருக்கு ராஜமரியாதை. ரொட்டிக்கடைக்காரர் சூடாக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார். பல் டாக்டர் தெருவில் நிறுத்திக் கை கொடுத்தார். இவர் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லைங்க" என்றார். பின்னறையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மெல்ல ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். இவர் பாடி இரண்டு வருடம் ஆயிற்று.

எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் உறையில் போட்டுக் கொடுத்தேன். முகத்துவாரத்தில் அந்த அழகான அலை ஆளில்லாமல் சும்மா உடைந்துகொண்டிருந்தது. அதைச் சுவரோரம் நின்று ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கக் கூடாதென்றே நான் தெருவை மாற்றிப் போனேன்.

இரண்டாம் நாள் பகலில் லைஃப்கார்டு நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

"அக்கா, எவ்வளவு நீளம் இருக்கும்?"

"நம்ம மேசை அளவு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முதுகுத் துடுப்பு மட்டும் தெரிஞ்சுதா, வாலும் தெரிஞ்சுதா?"

"வாலும்."

எழுதிக்கொண்டார். "நீங்க சொன்னதால பக்கத்துக் கடற்கரைக்கும் தகவல் குடுத்துட்டேன். வேற யாராவது சொல்லியிருந்தா நானே ஒரு தடவை யோசிச்சிருப்பேன்க்கா."

அவர் போன பிறகு நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொய்க்கு வால் வரைக்கும் முளைத்துவிட்டது. நாளைக்கு நிஜமாகவே ஒன்று வந்து, நிஜமாகவே ஒருவர் கையெழுத்துப் போட்டு, "போன தடவையும் இப்படித்தானே" என்று யாராவது இறங்கினால்? இறங்குகிறவள் என் மகளாகவே இருந்தால்?

பின்னறைக்குப் போனேன். இயந்திரம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நான் எதையும் பார்க்கலே."

"தெரியும்" என்றார். தலையைத் தூக்கவில்லை.

"என்ன தெரியும்?"

"நீ நிமிர்ந்து உக்காந்திருந்தா மஞ்சளுக்கு மேல வெளிச்சமா இருக்கும், அது உன் முகம். குனிஞ்சா கறுப்பா இருக்கும், அது உன் தலைமுடி. நான் கையைத் தூக்கறப்ப கறுப்பாத்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடியும் ரொம்ப நேரமா." இயந்திரத்தை நிறுத்தினார். "பிளாஸ்க்கா?"

"மூடி இறுகிடுச்சு."

"அதுக்கு வாஷர் மாத்தணும்."

எனக்கு அழுகை வந்தது. கதவுக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், அவ்வளவு தூரத்திலிருந்து என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ எனக்காகச் சொன்னே. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு." லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆனா அந்தப் பலகையில பொய் இருக்கக் கூடாது. நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிடலாம். நானும் வர்றேன்."

"மறுபடியும் குடைன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் பார்த்தது பார்த்ததுதான்."

அன்று கடைசியாக வந்தவர் ஒரு வயதான ஆசிரியை. பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையில் அடி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னார். இவர் வழக்கம்போல, "இன்னொரு தடவை வாசிங்க" என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார். முதல் தடவை ஜனங்கள் ஊகித்துச் சொல்வார்கள், இரண்டாவது தடவைதான் நிஜமாகப் பார்ப்பார்கள் என்பது இவர் கட்சி.

மூன்றாம் நாள் காலை, தடை முடிய ஒரு நாள் இருக்கும்போது, எல்லாரும் பழைய இடத்துச் செத்த அலையில் இறங்குவதற்காகப் படிக்கட்டில் கூடியிருந்தார்கள். நான் மழைக்கோட்டோடு நேராகக் கரும்பலகைக்குப் போய் என் கையெழுத்தை உள்ளங்கையால் அழித்தேன்.

"நான் பார்க்கலே. அவரைக் கேலி பண்ணினது பொறுக்காம சொல்லிட்டேன். லைஃப்கார்டு தம்பிக்கும் பொய்தான் சொன்னேன். தப்பு என்னுது" என்றேன்.

லைஃப்கார்டு என்னைப் பார்த்த பார்வைக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தபால்காரர் நீண்ட மூச்சு விட்டு, "நீங்களுமாக்கா?" என்றார். பின்னால் யாரோ, "அப்போ மறுபடியும் குடைதானா?" என்றார். இந்தத் தடவை சிரிப்புகூடப் பெரிதாக வரவில்லை. ஆளாளுக்குப் பலகையை எடுத்தார்கள். எல்லார் கண்ணும் முகத்துவாரத்துப் பக்கம். இரண்டு நாள் ஆசையை அடக்கி வைத்தவர்கள் ஆயிற்றே.

மகள் மட்டும் தன் பலகையை எடுக்கவில்லை. படிக்கட்டின் குறுக்கே நின்றாள்.

"போகாதீங்க."

"ஏம்மா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"எனக்கு அடியில போச்சு, அன்னைக்கு. அப்பா கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே. தண்ணி கீழேருந்து பலகையைத் தூக்குச்சு. அலை இல்லே, அப்போ அலையே வரலே. என் கால்ல ஏதோ உரசுச்சு, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு."

காலைத் திருப்பிக் காட்டினாள். கணுக்காலுக்கு மேல் சிவப்பாக, விரல் நீளத்துக்குத் தோல் உராய்ந்திருந்தது. பலகை இடித்துவிட்டது என்று வீட்டில் என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் மருந்து தடவி விட்டிருந்தேன்.

"அடிப்பாவி, ஏன்டி சொல்லலே?" என்றேன்.

"நான் கண்ணால பார்க்கலையே அம்மா. சொன்னா என்னையும் குடைப் பொண்ணுன்னு சொல்லுவாங்கன்னு..." அப்பா பக்கம் திரும்பினாள். "பயத்துல என் கை தூக்கவே வரலேப்பா. நீங்க தூக்கிட்டீங்க. கரைக்கு வந்ததும் எனக்குத்தான் அவமானமா இருந்துச்சு. அதான் உங்க மேல கத்திட்டேன்."

ரொட்டிக்கடைக்காரர் தன் பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு தபால்காரர், பிறகு ஒவ்வொருவராக.

இவர் மகளின் தலையில் கை வைத்தார். கடலில் இறங்குவதற்காகக் கண்ணாடியை முன்பே என்னிடம் கொடுத்துவிட்டதால், கை முதலில் அவள் தோளில் பட்டு, பிறகுதான் தலைக்குப் போனது. "அதான் வந்துட்டியே, விடு" என்றார்.

லைஃப்கார்டு சாக்கட்டியை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் "கண்டது" என்ற வரிக்கு எதிரே, நான் அழித்த இடத்திலேயே, எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது சாக்கட்டி ஒருமுறை உடைந்தது.

"என்ன எழுதறா?" என்று இவர் என் காதருகே கேட்டார். நான் கண்ணாடியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வாசி" என்றார்.

"முகத்துவாரம். என் மேல் உரசியது. என் அப்பா கண்டார்" என்று வாசித்தேன்.



"இன்னொரு தடவை வாசி."